சிங்கவரத்தில் திரும்பிய முகம்

நம் புதுக்கவிதையில் அடிமனம் புழக்கத்துக்கு வந்து நெடுநாளாகிறது. கிணறு, இருட்டறை, பாம்பு, கண்ணாடி எல்லாம் வந்துவிட்டால் கவிஞன் தன்னைத் தேடுகிறான் என்று நாமும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. கேட்டால் யுங் பெயரைச் சொல்கிறார்கள்.

யுங் 1938 தொடக்கத்தில் இந்தியாவில் இருந்தார். திருவண்ணாமலையில் ரமணர் இருந்தார். யுங் போய்ப் பார்க்கவில்லை. இங்குள்ள ஞானிகளைத் தாம் தவிர்த்ததற்குப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் காரணம் சொன்னார்: தம் உண்மையைத் தாமே தேடிக்கொண்டாக வேண்டும், அவர்களுடையதை எடுத்துக்கொள்வது திருட்டுப் போலாகிவிடும் என்று. இதில் கொஞ்சம் அகந்தை இருக்கலாம், நேர்மையும் இருக்கிறது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போது நமக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை.

திருவண்ணாமலைக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் செஞ்சி. தேஜ் சிங் என்ற புந்தேல ராஜபுத்திர இளைஞன், தன் தந்தை சரூப் சிங்கின் கோட்டை தனக்கே உரியதென்று நின்று, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு பொருதி 1714இல் மாண்டான். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. ஆவணங்களில் இது ஒரு வாரிசுத் தகராறு. தமிழ் வாய்கள்தான் அவனைத் தேசிங்கு ஆக்கின.

யுங்கின் சீடனுக்கு அந்தக் கதைப்பாடல் ஒரு விருந்து. யாரும் ஏற முடியாத குதிரையைச் சிறுவன் அடக்கி, சிறைப்பட்ட தந்தையை மீட்கிறான். (ஃப்ராய்டின் சீடன் இங்கேயே விழிப்பான்.) குதிரை இயல்பூக்கம், ஏறியவன் பிரக்ஞை. போருக்கு விடை கேட்கும்போது சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆழ்மனம் எச்சரித்தது, அகங்காரம் கேட்கவில்லை, அழிந்தது. கணக்குத் தீர்ந்தது.

எனக்குத் தீரவில்லை. மகபத் கான் இருக்கிறான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து தேசிங்கோடு சாகிறான். இவனைத் தேசிங்கின் 'நிழல்' என்றுவிடலாம். வேறு மதம், உயிர்த் தோழன், சட்டத்துக்குள் பொருந்துவான். ஆனால் நிழலுக்கு யார் பந்தல் போடுவார்கள்? பாடியவன் அவனுக்கென்று ஒரு பெண்ணை, இழப்பதற்கு ஒரு வாழ்வை வைத்திருக்கிறான். தேசிங்கின் மனத்துக்குள் அவனை அடைக்க முடியாது. தேசிங்கு யார் என்பதே இவன் எழுந்து வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. (உடன்கட்டை ஏறிய ராணியைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அவளிடம் கதை இவ்வளவு தாராளமாக இல்லை.)

யுங் இதை அறியாதவரல்ல. சிகிச்சையில் நோயாளிக்கும் மருத்துவனுக்கும் இடையே உண்டாகும் பிணைப்பைப் பற்றி 1946இல் எழுதிய நூலில், இன்னொருவரோடு உறவில்லாமல் ஒருவன் தான் ஆக முடியாது என்கிறார். நம்மவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

நானும் இருட்டறைக் கவிதைகள் நாலைந்து எழுதியிருக்கிறேன். போன வாரம் எடுத்துப் படித்தேன். ஒன்றில்கூட யாரும் கதவைத் தட்டவில்லை.