செய்தி வந்த பிறகு

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த அவை கி.மு. 3–2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்படுகின்றன. கூடலூர் ஆகோளில் (ஆநிரை கவரும் பூசலில்) பட்ட தீயன் அந்தவன் என்பவனின் பெயர் ஒன்றில் இருக்கிறது. வீரனின் உருவமோ வாளோ வில்லோ கிடையாது, எழுத்து மட்டும்தான். தேனிப் பக்கம் தொல்லியல் ஆர்வலர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் புலிமான்கோம்பைக்கு வந்துவிடுவார். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவற்றைக் கண்டது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜனின் குழு. கள ஆய்வில் பயின்ற ஆய்வாளர்கள் அவர்கள். மீசை முறுக்கி வாளேந்தி நிற்கும் நாயக்கர் காலத்து வீரனைத் தேடிப் பழகிய கண், உருவமில்லாத அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதனால் தன்னார்வலர்கள் தேவையில்லை என்றாகிவிடாது. கம்பம் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், தமிழ் படித்த இளைஞர்கள். அரசுத் துறையால் செய்ய முடியாத ஒன்றை இவர்களால் செய்ய முடிகிறது. திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் ஊன்றக் குழி எடுக்கும்போதும், ஜேசிபி விட்டு மேட்டைச் சமன்படுத்தும்போதும் முதுமக்கள் தாழி உடைகிறது. தோட்டக்காரர் அதைத் தாலுகா அலுவலகத்தில் போய்ச் சொல்லமாட்டார். நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவருக்கு. தன் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் என்றால் சொல்வார். கீழடியின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. 1970களில் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் வி. பாலசுப்பிரமணியம், மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களைப் பற்றித் தொல்லியல் துறைக்குச் சொன்னார். அங்கே அகழாய்வு தொடங்கியது 2015இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் அந்தச் செய்தியை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவரும் வெ. வேதாசலம் போன்ற அறிஞர்களும்தான்.

அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை 2013–14இல் வைகையின் தொடக்கத்திலிருந்து கடல் வரை நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் பதிவாயின. அவற்றில் அகழப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்ற இடங்கள் உழவுக்கும் மணல் அள்ளுவதற்கும் நடுவே கிடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை போய், மேடு இருக்கிறதா, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்துவர உள்ளூர்க்காரர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? தன்னார்வக் குழுக்களின் தலையாய வேலை இதுதான் என்பேன். நடைமுறையில் யாரும் அதிகம் விரும்பாத வேலையும் இதுதான், ஏனென்றால் போன வருடம் பார்த்த மேட்டை இந்த வருடமும் பார்த்தேன் என்பதை எந்தப் பத்திரிகையும் போடாது.

பத்திரிகைக்கு வேண்டியது கண்டுபிடிப்பு. இதன் விளைவைக் கல்லிலேயே பார்க்கலாம். கல்வெட்டைப் படியெடுக்க முறை ஒன்று உண்டு. பாறையை நார்த்தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, எழுத்தின் பள்ளத்தில் தாள் இறங்கியபின் மைப்பந்தால் ஒற்ற வேண்டும். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வரும். ஒரு கல்லுக்கே பொழுது போய்விடும். செய்திக்கு அவசரப்படுகிறவர்கள் இதற்குப் பதிலாக மைதா மாவைப் பூசித் துடைப்பார்கள், அல்லது சாக்பீசால் எழுத்தின் மேலேயே கோடு இழுப்பார்கள். கல் பாழாவது ஒரு பக்கம். அதைவிட மோசம், சாக்பீஸ் பிடித்தவர் தான் ஊகித்த எழுத்தைத்தான் வரைகிறார். படத்தைப் பார்க்கும் அறிஞருக்குக் கல்வெட்டு கிடைப்பதில்லை, வரைந்தவரின் ஊகம்தான் கிடைக்கிறது. மழையில் தேய்ந்த ஒரு கோடு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அதற்குப்பின் விடையே இல்லை.

காலக்கணிப்பிலும் இதே அவசரம். நடுகல் என்றாலே ஆயிரம் ஆண்டு, தாழி என்றாலே இரண்டாயிரம் என்பது வழக்கமாகிவிட்டது. கல்லில் இருக்கும் வீரன் எந்தச் சாதி என்ற பேச்சும் சீக்கிரமே தொடங்கிவிடும். கூடலூர் ஆகோள் கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள நம் கூடலூரில்தான் நடந்தது என்று இங்கே நம்ப ஆசைப்படுவது இயல்பு, நடந்திருக்கவும் கூடும். ஆனால் தமிழகத்தில் கூடலூர்கள் பல. மயிலாடும்பாறையும் அப்படித்தான். கி.மு. 2172 என்று இரும்பின் காலத்தைச் சொல்லி 2022இல் பேசப்பட்ட இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர், கடமலைக்குண்டுக்குப் பக்கத்து ஊர் அல்ல. பெயரை மட்டும் பார்த்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட அதிக நேரம் ஆகாது.

தனி மனித ஆர்வம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மங்கலதேவி கோட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரம் காட்டும் வழியைப் பல ஆண்டுகள் நடந்தே தேடி, 1963இல் கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் சிதைந்த கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று சித்திரை முழுநிலவு நாளில் பளியன்குடி வழியாக மலையேறும் கூட்டம் இருந்திருக்காது. ஆனாலும் இப்போது நிற்கும் கட்டடம், கண்ணகிக்குக் கோயில் எடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் சேரன் செங்குட்டுவன் காலத்ததல்ல. கொடுங்கல்லூரைச் சுட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நடந்து பார்த்து இடத்தைப் பதிவு செய்தது ஒரு பங்களிப்பு, அது எது என்று முடிவு கட்டியது வேறொன்று. முதலாவதற்கு என் வணக்கம் முழுமையாக உண்டு. இரண்டாவதைக் கேள்வி கேட்டால் முதலாவதை அவமதித்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் ஆர்வம் ஆய்வுக்குக் குறுக்கே நிற்கிறது.

மாற்று வழி நம்மிடமே இருக்கிறது. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் 'ஆவணம்' இதழில் பேராசிரியரின் கட்டுரைக்கு அருகிலேயே ஊர் ஆசிரியர் அனுப்பிய கல்வெட்டும் வரும். ஊர், வட்டம், கல் இருக்கும் இடம், வரி வரியாகப் பாடம் என எல்லாம் இருக்கும். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியை வைக்கும் துணிச்சல்தான் பயிற்சி. மதுரையில் 2010இல் தொடங்கிய பசுமை நடை வேறொரு வழி. கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொள்ளாமல், ஏற்கெனவே தெரிந்த சமணக் குன்றுகளுக்கு மக்களை அறிஞர்களோடு கூட்டிச் செல்கிறது. உத்தமபாளையத்தில் சமண முனிவர் அச்சணந்தியின் பெயரோடு நிற்கும் சமணச் சிற்பங்களுக்கு அப்படி ஒரு கூட்டம் மாதாமாதம் வந்தால், பாறையில் பெயர் கிறுக்குகிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

குழுக்களை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். பானை ஓட்டையும் சுடுமண் மணியையும் எடுத்துப்போய்க் கொடுக்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் வழி இல்லை. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்வதற்கென்றே வட்டாரந்தோறும் அலுவலர்களை வைத்திருக்கிறார்கள். பொருளை அளந்து, இடத்தைக் குறித்து, பெரும்பாலும் கண்டவரிடமே திருப்பித் தருகிறார்கள். உலோகங்காட்டிக் கருவியோடு வயலில் இறங்குவதை அது ஊக்குவிக்கிறது என்ற குறையும் அங்கே உண்டு. நமக்குக் கருவியெல்லாம் வேண்டாம். தேனியில் ஓர் அறை, ஒரு பதிவேடு, வாரத்தில் ஒருநாள் உட்கார ஒரு கல்வெட்டாய்வாளர் போதும். இடத்தின் துல்லியமான குறிப்பு அந்தப் பதிவேட்டில் இருக்கட்டும், செய்தித்தாளில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவில் கடப்பாரையோடு வருகிறவர்களும் செய்தி படிக்கிறவர்கள்தானே.