இடம்பெயர்வும் வட்டார வழக்கும்: ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வை முன்வைத்து

முன்னுரை

வட்டார வழக்கைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் மண்ணின் உடைமையாகவே கருதி வந்துள்ளது. 1960களில் ஈழத்தில் எழுந்த ‘இழிசனர் வழக்கு’ விவாதத்தில் முற்போக்கு எழுத்தாளர்கள் பேச்சுத்தமிழின் இலக்கிய உரிமைக்காக வாதிட்டனர். அதனோடு ‘மண்வாசனை’ என்பதும் வழக்கை மதிப்பிடும் அளவுகோலாக நிலைபெற்றது. 1983-க்குப் பின் பெருந்தொகையினர் அம்மண்ணை விட்டு நீங்கினர். அவர்தம் எழுத்தை மதிப்பிட அவ்வளவுகோல் போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாறுவனவும் மாறாதனவும்

அ, இ, உ என்னும் முச்சுட்டுகளுள் உகரச்சுட்டு தமிழகப் பேச்சில் வழக்கொழிந்தது; யாழ்ப்பாணத் தமிழில் அது ‘உது’, ‘உவன்’ என இன்றும் வழங்குகிறது. ‘வருகினம்’ என்னும் பலர்பால் வினைமுற்று, ‘ஓம்’ என்னும் உடன்பாட்டுச் சொல், ‘கதைத்தல்’ என்னும் வினை ஆகியனவும் அவ்வழக்கின் அடையாளங்கள். இடம்பெயர்ந்தோர் நாவில் இவை யாவும் ஒரே அளவில் மாறுவதில்லை. கேட்போர் உடனே கவனிக்கும் சொற்களை மாற்றிக்கொள்வது எளிது. சென்னையில் அயலாரிடம் பேசும்போது ‘ஓம்’ என்பது ‘ஆமா’ ஆகலாம். வீட்டினுள் அது ‘ஓம்’ ஆகவே நீடிக்கலாம்.

ஒலிப்புப் பழக்கம் அத்துணை எளிதில் நெகிழ்வதில்லை. தமிழகத்தார் ‘டொராண்டோ’ என எழுதும் நகரை ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என எழுதுகின்றனர். ஆங்கிலத்தின் டகரம் போன்ற ஒலியை ரகர, றகரங்களால் குறிக்கும் ஈழத்து எழுத்து மரபு கனடாவிலும் தொடர்கிறது. பேசுவோர் கேட்போரை நோக்கி நெருங்குவதும் அவரிடமிருந்து விலகுவதுமே ஒலிப்பு மாற்றத்தின் அடிப்படை என ஹவர்ட் ஜைல்ஸ் 1973இல் முன்வைத்த கருத்து இங்குப் பொருந்துகிறது.

நாவலில் இரு கேட்போர்

2001இல் வெளியான ‘கொரில்லா’ ஓர் அகதி விண்ணப்பத்துடன் தொடங்குகிறது. பிரெஞ்சு அதிகாரியை நோக்கிய அப்பகுதி விண்ணப்ப நடையில் அமைகிறது. பின்னர் கதை தீவகக் கிராமத்து இளமைக்காலத்திற்குத் திரும்புகையில் பேச்சு வழக்கு மேலோங்குகிறது. இவ்விரு நடைகளுள் ஒன்றை உண்மை என்றும் மற்றதைப் புனைவு என்றும் கொள்வது பிழை. நம்பவைக்க வேண்டிய அதிகாரி முன் ஒரு மொழியும், விளக்கம் தேவைப்படாத ஊரார் நடுவே ஒரு மொழியும் தோன்றுகின்றன. நடையை வேறாக்குவது மண் மட்டுமன்று, கேட்போரும்தான். விண்ணப்ப மொழியின் விறைப்பு, வழக்கை மறைத்தேனும் உயிர் காக்க வேண்டியவனின் நிலையைக் காட்டுவதால் அதுவும் இலக்கியச் சான்றே.

இவ்வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. நாவலில் இடம்பெறும் வழக்கு ஆசிரியரின் தேர்வுக்கு உட்பட்டது. அதனைக் களப்பதிவாகக் கொள்ள இயலாது. எனினும் யாரை முன்னிறுத்தி அத்தேர்வு செய்யப்படுகிறது என்பது ஆராயத்தக்கது.

முடிவுரை

புலம்பெயர்ந்தோர் எழுத்தில் வழக்கு குறைந்தால் ‘வேரிழப்பு’ என்றும், மிகுந்தால் ‘தூய்மை’ என்றும் கூறுவது பழைய அளவுகோலின் எச்சம். ரொறன்ரோ, இலண்டன் முதலிய இடங்களின் ஈழத்தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா இளையோர் ஆங்கிலத்திற்கு மாறுவதைப் பதிவு செய்துள்ளார். ஊரை நீங்கிய பின்னும் வழக்கு வாழக்கூடும். அதைப் புரிந்துகொண்டு மறுமொழி தரும் தலைமுறை இல்லாதபோதே அது நலிகிறது. ஆகவே ‘இவ்வழக்கு எவ்வூருடையது?’ என்பதோடு ‘இது யாரை நோக்கியது?’ என்பதையும் வினவுவது வட்டார இலக்கியத் திறனாய்வின் கடமையாகும்.