சிபாரிசுச் சீட்டின் கணக்கு

காலை ஏழு மணிக்கு ஹோட்டல் ஹாலில் கூடும் வியாபாரிகளைக் கோவை, மதுரை, திருச்சி, சேலம் என்று தமிழ்நாட்டின் எந்தப் பெரிய ஊரிலும் இப்போது பார்க்கலாம். சட்டையில் பெயர் அட்டை, பையில் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. ஆடிட்டர், சோலார் பேனல் போடுகிறவர், கேட்டரிங் நடத்துகிறவர், இன்சூரன்ஸ் முகவர், மாடுலர் கிச்சன் செய்கிறவர் என்று ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். வரிசையாக எழுந்து, ஒரு நிமிடத்துக்குள் தொழிலைச் சொல்லி, இந்த வாரம் தனக்கு யாருடைய அறிமுகம் வேண்டும் என்று கேட்டு உட்கார வேண்டும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும். அடுத்து, யார் யாருக்கு வாடிக்கையாளரைக் கைகாட்டினார்கள், அதனால் எத்தனை ரூபாய் வியாபாரம் நடந்தது என்ற கணக்கு வாசிக்கப்படும். தொகை பெரிதாக இருந்தால் கைதட்டலும் பெரிதாக இருக்கும்.

இந்த முறையை உலகெங்கும் பரப்பியது பி.என்.ஐ. என்ற அமெரிக்க நிறுவனம். தெற்கு கலிஃபோர்னியாவில் நிர்வாக ஆலோசகராக இருந்த ஐவன் மைஸ்னர், முக்கியமான வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டுப் போன நேரத்தில், 1985இல் தெரிந்தவர்களைச் சேர்த்துத் தொடங்கிய குழு அது. இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் 3 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாரம் தவறாத கூட்டம், தொழிலுக்கு ஒரே ஆள், ஆண்டுச் சந்தா, விடுப்புக்கு வரம்பு, எல்லாவற்றுக்கும் கணக்கு என்பவை அதன் விதிகள். அதைப் பார்த்து உள்ளூர்க் குழுக்களும், பெண் தொழில்முனைவோர் குழுக்களும், சாதி வாரியான வணிகக் குழுக்களும் முளைத்திருக்கின்றன. எந்த ஒரு குழுவையும் குறிவைத்து நான் எழுதவில்லை. சிபாரிசைச் சீட்டில் எழுதிக் கணக்கு வைக்கும் அந்த முறையைத்தான் எடைபோட நினைக்கிறேன்.

இதை 'கோட்டு போட்ட சீட்டுக் கம்பெனி' என்று கேலி பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவர்கள் சொந்தபந்தம் உள்ளவர்கள். அப்பா கடையின் பெயரைச் சொன்னால் மொத்த வியாபாரி சரக்கைக் கடனுக்கு இறக்குவார். சம்பந்தி வீட்டில் முதல் ஆர்டர் கிடைக்கும். அப்படிப்பட்டவருக்குக் காலை ஏழு மணிக்கு எழுந்து போய் அறிமுகம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விருதுநகரிலும் சிவகாசியிலும் நாடார் உறவின்முறைகள் வியாபாரத்தின் மீது மகமை பிடித்துப் பொதுநிதி சேர்த்தன. விருதுநகரில் 1885இல் பள்ளிக்கூடம் கட்டியது அந்த மகமைப் பணம்தான். 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் பேங்க்தான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. தொழில் தொடங்கும் ஒருவருக்குப் பின்னால் இவ்வளவு நின்றது.

அது இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குத் திருப்பூரில் ஒரு பதில் இருக்கிறது. அங்குள்ள பின்னலாடை ஏற்றுமதியாளர்களை ஆராய்ந்து அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் முதலாளிகளிடம் தொடக்கத்திலிருந்தே முதல் அதிகம். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினார்கள். ஆனால் அவர்களுடைய ஏற்றுமதி வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களை முந்திவிட்டது. அதாவது பணம் திறமை இருக்கும் இடம் தேடிப் போகவில்லை, உறவு இருக்கும் இடம் தேடிப் போனது.

இந்த வெளியாளின் இடத்தில் நின்று பார்த்தால்தான் வாராந்தரக் குழுவின் அருமை புரியும். திருநெல்வேலியிலிருந்து கோவைக்கு வந்து தொழில் தொடங்கிய ஒருவருக்கு அங்கே கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட நாலு வீடு இருக்காது. ஆண்டுச் சந்தா கட்டினால் நாற்பது பேர் அவர் முகத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, பேச்சில் நிதானம் இருக்கிறதா, டீ ஊற்றும் பையனிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படும். விளம்பரப் பலகையால் இதைச் செய்ய முடியாது. சாதி வாரியான குழுக்களை விட்டுவிட்டுப் பார்த்தால், சாதியும் குலமும் கேட்காமல் கிடைக்கும் சொந்தபந்தம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை. சந்தா கட்ட வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு நிமிடப் பேச்சையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் சிறு தொழில்காரர்களில் பலருக்குத் தங்கள் வேலையைப் பற்றிப் பேச வராது. 'நம்ம பொருள் பேசும்' என்று இருந்துவிடுவார்கள், இல்லையென்றால் 'தரம், நம்பிக்கை, நியாயமான விலை' என்று எந்தக் கடைக்கும் பொருந்தும் வாசகத்தைச் சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் விருந்தினராக உட்கார்ந்திருந்தபோது மாடுலர் கிச்சன்காரர் ஒருவர் எழுந்து பேசினார்: "உங்க சொந்தத்துல யாராச்சும் புது அபார்ட்மென்டுக்குக் குடி போயி ஆறு மாசம் ஆகியும், பாத்திரத்தை அட்டைப்பெட்டியிலயே வெச்சிருக்காங்களா? அவங்க நம்பர் மட்டும் குடுங்க." நாற்பது பேரில் பத்துப் பேருக்காவது அந்த நொடியில் ஒரு மைத்துனியோ பக்கத்து வீட்டுக்காரரோ நினைவுக்கு வந்திருப்பார்கள். அடுத்து எழுந்தவர் "உள் அலங்காரம் தொடர்பான எல்லா வேலைகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்" என்ற ரீதியில் பேசியிருந்தால் யாருக்கும் யாரும் நினைவுக்கு வந்திருக்க மாட்டார்கள். யாருக்கு, எந்தச் சிக்கலில் நான் பயன்படுவேன் என்று வாரா வாரம் யோசித்துச் சொல்லவைக்கும் பழக்கம், குழுவைவிட்டு விலகிய பிறகும் கூட வரும்.

ஆனால் எல்லாத் தொழிலுக்கும் இது கட்டுப்படியாகாது. கூட்டம் ஒன்றரை மணி நேரம், போக வர ஒரு மணி, ஓர் உறுப்பினரைத் தனியாகச் சந்தித்துப் பேச ஒன்றரை மணி என்று வாரத்துக்கு 4 மணி நேரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 வாரத்துக்கு 200 மணி. எட்டு மணி வேலைநாளாகப் பார்த்தால் 25 நாள், ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. 6 லட்ச ரூபாய் இன்டீரியர் வேலையில் நூற்றுக்குப் பதினைந்து நிற்கும் என்றால் ஒரே சிபாரிசில் 90,000 ரூபாய் வந்துவிடும், மாதம் போனதில் வருத்தமில்லை. அச்சகம் வைத்திருப்பவருக்கு உறுப்பினர்கள் எல்லோரும் விசிட்டிங் கார்டு ஆர்டர் கொடுத்தாலும் அந்த ஒரு மாதத்தை ஈடுகட்டாது. மளிகை, டிபன் கடை, தையல் கடை போன்றவை தெருவில் போகிறவரை நம்பி நடப்பவை. அவற்றை நடத்துகிறவர்கள் அந்த 200 மணி நேரத்தைக் கல்லாவில் உட்கார்ந்தே கழிக்கலாம். எப்போதாவது ஒருமுறை வாங்குவது, விலை அதிகம், வாங்குகிறவருக்குத் தரம் பார்த்துச் சொல்லத் தெரியாது என்ற மூன்றும் சேர்ந்த தொழில்களுக்கே இந்தக் குழுக்கள் நன்றாகப் பொருந்துகின்றன.

ஏழு மணி என்ற நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு டப்பா கட்டி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடும் பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் போகப் போகத்தான் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல், நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே புதுச் செய்தி அதிகம் வரும் என்று வாதிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை தேடிக்கொண்டவர்களை அவர் விசாரித்தபோது, தகவல் சொன்னவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது பார்ப்பவர் மூலம்தான் வேலை பெற்றிருந்தார்கள். குழுவில் சேர்ந்த முதல் ஆண்டில் நாற்பது பேரும் அப்படிப்பட்ட அரைகுறைப் பழக்கம்தான், அவர்களுடைய சுற்றம் முழுக்க நமக்குப் புதுசு. மூன்றாம் ஆண்டில் அவர்கள் நண்பர்களாகிவிடுகிறார்கள், அவர்களுடைய மைத்துனிகள் எல்லோருக்கும் கிச்சன் போட்டு முடிந்துவிடுகிறது. சீட்டு மட்டும் வாரா வாரம் எழுதியாக வேண்டும். அப்போது உறுப்பினர்கள் ஒருவரிடம் ஒருவர் வாங்கத் தொடங்குகிறார்கள். தேவை இருந்து வாங்குவது ஒரு பங்கு, முகதாட்சண்யத்துக்கு வாங்குவது மறுபங்கு.

என் பெரிய ஆட்சேபம் இந்த இடத்தில்தான். ஒரு சிபாரிசுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அது பொய்த்துப்போனால் சொன்னவருக்கு ஏதாவது நஷ்டம் வரும் என்பதிலிருந்துதான். 'இந்த மேஸ்திரியை வையுங்க, நான் சொல்றேன்' என்று மாமா சொன்னால், சுவர் விரிசல் விட்ட அன்று நாம் மாமா வீட்டு வாசலில் போய் நிற்போம். அடுத்த விசேஷத்தில் அவர் நம் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தப் பயத்தில்தான் அவர் யோசித்துச் சொல்கிறார். வாராந்தரக் குழுவில் சிபாரிசு கொடுத்தவருக்கு அன்றைக்கே பெயர் கிடைக்கிறது, கைதட்டல் கிடைக்கிறது, பட்டியலில் புள்ளி ஏறுகிறது. வேலை கெட்டுப்போனால் அவர் கணக்கிலிருந்து எதுவும் கழிவதில்லை. நல்ல சிபாரிசுக்குப் பரிசு உண்டு, கெட்ட சிபாரிசுக்குத் தண்டம் இல்லை என்றால் எண்ணிக்கை பெருகும், தரம் தானாகக் குறையும்.

தொழிலுக்கு ஒரே ஆள் என்ற விதி இதை இன்னும் கெடுக்கிறது. நான் ஒரு குழுவில் இருக்கிறேன், அதில் ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டர் இருக்கிறார், வெளியே அவரைவிட நன்றாக வேலை செய்கிறவரை எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். யாராவது கேட்டால் நான் யாரைச் சொல்வேன்? கேட்டவர் நான் மனத்தில் பட்டதைச் சொல்வதாக நினைத்துக்கொள்வார். பணம் வாங்கிக்கொண்டு பொருளைப் புகழும் இன்ஸ்டாகிராம் பிரபலம் அது விளம்பரம் என்று குறிப்பிட்டாக வேண்டும் என 2021இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் நெறிமுறை வகுத்தது. சித்தி மகனிடம் பெயின்டரைச் சொல்லும் குழு உறுப்பினருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. ஆடிட்டர்கள் ஆள் பிடிப்பதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. பலன் கிடைக்கும் இடத்தைப் பார்த்து வாய் சாயும் என்ற பழைய அனுபவத்தில்தான் இவை எழுதப்பட்டிருக்கின்றன. (முதலில் சொன்ன ஆடிட்டர் அந்த ஒரு நிமிடத்தில் எதைப் பேசலாம் என்பது அவருக்கே தலைவலிதான்.)

கொடுக்கல் வாங்கலைக் கணக்கு வைப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதி வாங்கிய பணத்தில் கடை போட்டவர்கள், போர் போட்டவர்கள் உண்டு. வாங்கியதைக் கூட்டிப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். அதில் ஒளிவுமறைவு கிடையாது, கடன் கடனென்றே எழுதப்படுகிறது, கைமாறுவது எழுதியவரின் சொந்தப் பணம். வாராந்தரக் குழுவின் சீட்டிலோ கைமாறுவது மூன்றாவது ஆளின் பணம். வீடு கட்டுகிற சித்தி மகன் அந்த ஹாலில் இல்லை.

வாசிக்கப்படும் தொகைகளையும் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 5 லட்ச ரூபாய்க்கு நகை விற்றால் அதில் பெரும்பகுதி தங்கத்தின் விலை, கடைக்காரருக்கு மிஞ்சுவது செய்கூலி, சேதாரத்தில் ஒரு பங்கு. சீட்டில் முழுத் தொகையையும் எழுதினால் தடுக்க யாருமில்லை. சிபாரிசு இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் விற்பனை எவ்வளவு என்று யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. அப்படிச் சேர்ந்த கோடிகளைக் காட்டித்தான் அடுத்த உறுப்பினரை அழைக்கிறார்கள்.

இந்தச் சங்கடத்தை முதலில் பார்த்தது ரோட்டரி சங்கம். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் மூன்று நண்பர்களும் தொடங்கியபோது அதுவும் தொழிலுக்கு ஒருவர் என்ற குழுதான். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று குறித்துவைக்க ஒரு பொறுப்பாளரே இருந்தார். டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரை 1906இல் சேர அழைத்தார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் லாபம் தரும் சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை என்று அவர் தயங்கியதை அடுத்து, ஊருக்கு உழைப்பதும் சங்கத்தின் நோக்கங்களில் சேர்ந்தது. 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்டும் முயற்சியில் இறங்கினார்கள். வியாபாரக் கணக்குப் புத்தகம் நாளடைவில் மூடப்பட்டது. 1929இல் சென்னைக்கு வந்தது அப்படி மாறிய ரோட்டரிதான். அங்கேயும் உறுப்பினர்களுக்குள் வியாபாரம் நடக்காமல் இல்லை. சேர்ந்து ரத்த தான முகாம் நடத்தும்போது யார் சொன்ன வேலையைச் செய்கிறவர், யார் போட்டோவுக்கு மட்டும் வருகிறவர் என்று தெரிந்துபோகும், அதன் பிறகு சிபாரிசுக்குச் சீட்டு தேவைப்படாது.

ஆகவே என் தீர்ப்பு இது: ஊருக்குப் புதியவர், பெரிய தொகை வேலைகள் செய்கிறவர் என்றால் ஓராண்டுச் சந்தா வீண் போகாது. மூன்றாம் ஆண்டுச் சந்தாவைக் கட்டுமுன் நாட்களையும் நின்ற லாபத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வியாபாரத் தொகை வாசிக்கும் அதே இடத்தில் மாதம் ஒருமுறை புகார்களையும் வாசியுங்கள். எந்த சிபாரிசில் வேலை கெட்டது, யார் மறுபடி செய்துகொடுத்தார், யார் ஃபோனை எடுக்கவில்லை என்று சொல்லப் பத்து நிமிடம் போதும். சேரலாமா என்று யோசிப்பவர்கள் விருந்தினராகப் போகிற அன்று, இதுவரை எத்தனை கோடி வியாபாரம் நடந்தது என்று கேட்க வேண்டாம். போன ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்காமல் விலகியவர்கள் யார் யார் என்று விசாரித்து, அவர்களில் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்.