தோலுக்குள் ஒரு பச்சை

ஒரு நெல்மணி நீளமான முன்கை. அதன் உட்புறத்தில் மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள், அவற்றைச் சுற்றி வளைந்தோடும் ஒரேயொரு கோடு. நான் வரைந்தது அவ்வளவுதான். நான்கு இரவுகள் பிடித்தன. அந்த நான்கு இரவுகளையும் யாராவது திருப்பித் தருவதென்றால் இப்போதே எழுந்துபோய் மேசையில் உட்கார்ந்துவிடுவேன்.

சின்னஞ்சிறு உருவங்களுக்கு நிறம் தீட்டுகிறேன் என்று சொன்னால், எங்கள் ஊர்க் கல்லடியில் சிலர் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை நினைக்கிறார்கள். சிலர் கொலுப் பொம்மையை நினைக்கிறார்கள். இரண்டும் என் கலைக்கு உறவுதான். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பனி உள்ளே வெறுமையான ஈயப் படைவீரர்களை வார்க்கத் தொடங்கியது. அந்தப் பொம்மைகளோடு பரவிய 54 மில்லிமீற்றர் உயரம் இன்றுவரை நிலைத்துவிட்டது. இப்போது ஈயத்துக்குப் பதிலாக றெசின். ஐந்தடி எட்டங்குல மனிதர் அந்த உயரத்துக்குச் சுருங்கும்போது 32இல் ஒரு பங்காகிறார். முகம், நகம், சாரன் மடிப்பு எல்லாமே அதே கணக்கில் சுருங்கும். தோலில் குத்திய பச்சையும்தான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். உண்மையான கையில் 5 சென்ரிமீற்றர் அகலமான பச்சை, என் உருவத்தின் கையில் ஒன்றரை மில்லிமீற்றர். தலைமயிர் அளவு மெல்லிய கோடு இழுத்தாலும், அது நிஜக் கையில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் தடித்த கோட்டுக்குச் சமன். 0.2 மில்லிமீற்றர் கோடு இழுக்கும் நுண்பேனையை நம்பி இறங்கினால் ஆறு மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். அவ்வளவு தடித்த பச்சையை எந்தக் கையில் கண்டிருக்கிறோம்? ஆகவே பேனையை வைத்துவிட்டுத் தூரிகையை எடுக்கவேண்டும். அங்கேதான் இந்த வேலையின் இன்பம் தொடங்குகிறது.

முதன்முதலாக நான் பச்சை வரைந்தது ஒரு கப்பற்காரனின் தோளில். நங்கூரம். கறுப்பைத் தொட்டு நேர்த்தியாகத்தான் வரைந்தேன், கோடும் நடுங்கவில்லை. ஆனாலும் அது தோளில் ஒட்டிய ஸ்ரிக்கர் மாதிரியே கிடந்தது. ஏனென்று இரண்டு கிழமை விளங்கவில்லை. ஒருநாள் விடியப்புறம் கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலைக்காரர் ஒருவர் வலையை உதறிக்கொண்டு நின்றார். மேற்கையில் வேலும், அதன்கீழ் ஒரு தேளும். வெயில் சாய்ந்து விழுந்த பக்கம் தேளின் வால் மங்கி, கிட்டத்தட்ட தோலின் நிறமாகவே இருந்தது. நிழற்பக்கம் அது கருநீலம். எந்த இடத்திலும் கறுப்பு இல்லை. அன்று வீட்டுக்கு ஓடிவந்தேன் என்றே சொல்லவேண்டும்.

பச்சை தோலின்மேல் இல்லை, தோலுக்குள் இருக்கிறது. குத்திய கரி மேல்தோலைத் தாண்டி உள்தோலில் தங்குகிறது. வெளிச்சம் தோலுக்குள் இறங்கும்போது நீல ஒளி வழியிலேயே சிதறிக் கண்ணுக்குத் திரும்பிவிடும். சிவப்பு ஒளி ஆழமாகப் போய்க் கரியில் அடங்கிவிடும். அதனால்தான் கறுப்புக் கரி நீலமாகத் தெரிகிறது. நம்முடைய மாநிறத்தின் மஞ்சளும் சேர்ந்துகொண்டால் பச்சை. நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர் எவ்வளவு கூர்மையான கண்ணிலிருந்து வந்திருக்கிறது! உள்ளே போனது கறுப்பு என்பது குத்தியவளுக்கும் தெரியும், குத்திக்கொண்டவளுக்கும் தெரியும். ஆனாலும் கண் கண்டதைத்தான் சொன்னார்கள். சிங்களத்திலும் அதைப் ‘பச்ச’ என்றே சொல்கிறார்கள். 1991இல் அல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனிதனின் உடலில் 61 பச்சைகளை எண்ணியிருக்கிறார்கள். அவையும் கரிதான். கோடு கோடாக இன்றும் தெரிகின்றன.

பச்சை தோலுக்குள் இருக்கிறது என்பது பிடிபட்டதும் என் வேலையின் முறையே தலைகீழாக மாறியது. முன்பு தோலை முழுதாக முடித்துவிட்டு அதன்மேல் பச்சையை வரைவேன். இப்போது தோல் பாதியில் நிற்கும்போதே பச்சையை வரைந்துவிட்டு, மிச்சத் தோலை அதற்கு மேலே பூசுகிறேன். இந்த ஒரு மாற்றம் போதும், உருவத்துக்கு இரத்தம் ஓடத் தொடங்கும்.

அப்படி நான் செய்ததிலேயே என் உயிரான உருவம் அம்மம்மா. பன்பாய் இழைக்கிற மாதிரிக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறா. அப்படியொரு உருவம் எந்தக் கடையிலும் வராது. வேறொரு உருவத்தின் உடம்பை வெட்டி, இரண்டு பகுதிகளைச் சேர்த்துக் குழைக்கிற எபொக்சிக் களியால் சேலையும் கொண்டையும் கைகளும் பிடித்தேன். பன் கீற்றுகளுக்குக் கடதாசியை நூலளவு நறுக்கினேன். பாயைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாம், இங்கே வேண்டாம். என் மனமெல்லாம் இடது முன்கையில்தான் இருந்தது. அம்மம்மா சிறுமியாக இருந்தபோது ஊருக்கு வந்த குறத்தி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து விளக்குக்கரியும் பச்சிலைச் சாறுமாகக் குத்திவிட்ட கோலம் அது. தெலுங்கு பேசும் குறவர் குடும்பங்கள் இன்று அக்கரைப்பற்றுக்கு அண்மையில் அளிக்கம்பையில் நிலைத்து வாழ்கின்றன. அன்று அவர்களின் முன்னோர் ஊரூராகப் போய்வந்தவர்கள். நான் மடியில் கிடந்து கதை கேட்ட நாட்களில் அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியிருக்கிறேன். தோல் சுருங்கச் சுருங்கக் கோலமும் சுருங்கி, மழையில் நனைந்த மாக்கோலம்போல விளிம்பு கரைந்திருக்கும்.

தோலிலிருந்து சொல்கிறேன். போத்தலில் ‘தோல் நிறம்’ என்று பெயர் போட்டு வருவதில் பெரும்பாலானவை வெள்ளையர் தோலுக்கானவை. நம் தோலுக்கு நாமே குழைக்கவேண்டும். சுட்ட அம்பர், சியன்னா மண்ணிறம், துளி சிவப்பு. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், நாவற்பழ நிறம் போதும். வெளிச்சத்துக்கு வெள்ளையைத் தொட்டால் தோல் சாம்பல் பூத்துவிடும், காவி மஞ்சளைத் தொட்டால் உயிர் வரும். எனக்கு வல்லேயோ பெயின்ற்தான் கைவந்தது. சின்னப் போத்தல், சொட்டுச் சொட்டாக எடுக்கலாம். சுவிஸில் இருக்கிற மச்சாள் வரும்போதெல்லாம் பெட்டியில் சொக்லேற்றுக்குப் பக்கத்தில் எனக்கென்று நாலைந்து போத்தல் வைத்திருப்பா. அந்தப் பெட்டி திறக்கும் சத்தம் எனக்குத் திருவிழாதான்.

தூரிகையைப் பற்றி மனதார ஒரு வார்த்தை. நுணுக்க வேலைக்கு நுணுங்கிய தூரிகை என்று எல்லோரும் மூன்று சைபர் போட்டதைத் தேடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். அதன் வயிற்றில் பெயின்ற் நிற்காது. மேசையிலிருந்து உருவத்துக்குப் போவதற்குள் நுனி காய்ந்துவிடும். கொலின்ஸ்கி மயிரில் செய்த ஒன்றாம் இலக்கத் தூரிகை ஒன்றை வாங்குங்கள். வின்சர் அன்ட் நியூற்றனின் ஏழாம் வரிசை என்றால் அதைவிட வேறு வேண்டாம். வயிறு தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும், நுனி ஊசியாகக் கூடும். முதன்முறை அதைத் தண்ணீரில் தோய்த்து உதறியபோது நுனி தானாகக் கூடி நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காய்வதைப் பற்றிச் சொல்வதென்றால் நம் மண்ணில் அது காற்றின் கையில் இருக்கிறது. ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும்போது வாய்கூட வறண்டுவிடும், பெயின்ற் எம்மாத்திரம்? தூரிகை நுனியிலேயே தோலாகப் படியும். மார்கழி வாடைக்கு வாவிப் பக்கத்து வீடெல்லாம் ஈரம் குடித்துக் கிடக்கும். அப்போதுதான் என் பருவம். நனைத்த ரிஷூவின் மேல் கேக் சுடும் தாளை விரித்து, இறுக்கமான மூடியுள்ள பெட்டிக்குள் நிறங்களை வைத்தால் இரண்டு நாளைக்கும் அப்படியே ஈரமாக இருக்கும். மழை ஓட்டில் கொட்டுகிறது, வாவியிலிருந்து தவளைச் சத்தம், மேசை லைற் ஒன்று, ஒரு பூதக்கண்ணாடி. இதைவிடச் சுகமான இரவை எனக்குச் சொல்லத் தெரியாது.

இனிப் பச்சை. பிரஷியன் நீலம், அதில் ஊசிமுனைக் கறுப்பு, அதோடு அந்தத் தோலின் நடுநிறத்தில் ஒரு துளி. இந்தக் கடைசித் துளிதான் மந்திரம். அது கலந்தால் பச்சை அந்தத் தோலுக்கே பிறந்ததாக ஆகிறது. பாலின் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். தூரிகையை நிறைத்து, ரிஷூவில் ஒருமுறை தொட்டு, பெருவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நகத்தில் ஓடினால் றெசினிலும் ஓடும். இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று முட்டுக் கொடுங்கள். மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் வருகிற அந்த அமைதியில் தொடுங்கள். முதலில் புள்ளிகள் மட்டும். வாசலில் கோலம் போடுகிறவர் செய்வதும் அதுதானே. புள்ளி சரியென்றால் கோடு தானாக வழி கண்டுகொள்ளும்.

கோடு தடித்துவிட்டதா? கவலையே படாதீர்கள். இங்கேதான் நான் கண்ட பெரும் இரகசியம். மெல்லிய கோட்டை யாரும் வரைவதில்லை, மெலியவைக்கிறார்கள். தோல் நிறத்தை எடுத்து அந்தக் கோட்டின் இரண்டு கரையிலும் பூசிக்கொண்டு வாருங்கள். கரை நெருங்க நெருங்கக் கோடு ஒடுங்கும். மயிரிழை என்ன, அதிலும் பாதிக்குக் கொண்டுவரலாம். முதன்முறை அப்படி ஒரு கோடு என் கண்ணெதிரே ஒடுங்கிப்போனபோது நள்ளிரவில் நான் போட்ட சத்தத்தில் அம்மா எழும்பி வந்துவிட்டா.

அடுத்த நாள், நன்றாகக் காய்ந்தபின், தோல் மூடுதல். அதே தோல் நிறத்தில் ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர். கஞ்சித்தெளிவுபோல இருக்கவேண்டும். தூரிகையை ரிஷூவில் நன்றாக ஒற்றிவிட்டுக் கோலத்தின் மேலேயே பூசவேண்டும். நான்கு இரவு உழைத்ததன்மேல் பெயின்ற் பூச மனம் வராது. பூசுங்கள். முதல் பூச்சில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் கறுப்பு பின்வாங்கும். மூன்றாவதில், சத்தியமாகச் சொல்கிறேன், பச்சை தோலுக்குள் இறங்குவதைக் கண்ணால் காணலாம். நீலம் கனிந்து பச்சையாகி, விளிம்பு கரைந்து, ஐம்பது அறுபது வருடம் வெயிலிலும் வாவித் தண்ணீரிலும் கிடந்த கை ஒன்று விரல்நகத்தளவில் எனக்கு முன்னால் இருந்தது. கை திரும்பும் இடத்தில் வெளிச்சம் விழுமல்லவா, அங்கே கோட்டையும் ஒரு நூல் வெளிறவைத்தேன். வலைக்காரரின் தேள் எனக்குச் சொல்லித்தந்தது அது. கடைசியில் மினுக்கமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. மினுக்கம் இருந்தால் றெசின் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

முடித்த அன்று காலை உருவத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் அம்மாவின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். சேலையைப் பார்த்தா, கொண்டையைப் பார்த்தா. பாயிழையில் விரலை வைக்கப் போய் நிறுத்திக்கொண்டா. கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டா. கனநேரம் கண்ணாடியை இறக்கவில்லை.

“இது அம்மாட கைதான் மனே,” என்றா. பிறகும் உற்றுப் பார்த்தா. “ஆனா ஒண்டு குறையுது. கோலத்துக்குக் கீழ, மணிக்கட்டுப் பக்கமா, தனியா ஒரு புள்ளி கிடந்திச்சி. குறத்தி எழும்பக்குள்ள கடைசியாக் குத்தினதாம்.”

அந்தப் புள்ளி எனக்கு ஞாபகமே இல்லை. ஒன்பதுக்குமேல் நான் ஒருநாளும் எண்ணியதில்லை. பெட்டியின் மூடியைத் திறந்தேன். நீலம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். அம்மா தன்னுடைய கையை நீட்டி, வெறும் தோலில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினா.