அச்சில் வார்த்த டாங்கி

கீழக்குயில்குடிக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் களிமண்ணை அச்சில் அழுத்தியெடுத்து, உலர்த்திச் சுட்டு, வர்ணம் தீட்டிக் கொலுப் பொம்மைகளை உருவாக்கும் கிரமத்தை ரசித்தவர்களுக்கு, ரெசினில் வார்த்த பாகங்களைக் கொண்டு டாங்கியின் சிற்றுருவை அமைக்கும் கலை அந்நியமாகத் தோன்றாது.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக ஊர்ந்த, 28 டன் எடையும் 8 பேர் குழுவும் கொண்ட பிரிட்டிஷ் மார்க் 1 டாங்கியை 35-இல் ஒரு பங்காகக் குறுக்கினால், வாலில் உள்ள சக்கரங்களோடு சேர்த்து ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் வரும். சுழலும் கோபுரமின்றி, பீரங்கிகளை இரு விலாக்களிலும் தாங்கி, சங்கிலிப் பட்டையை உடலைச் சுற்றிலும் அணிந்த அந்தச் சாய்சதுர வடிவம் என் அபிப்பிராயத்தில் அபூர்வ சௌந்தரியம் உடையது.

இதன் சிற்றுருவுக்கான ரெசின் பாகங்களில் படிந்திருக்கும் அச்செண்ணெயைச் சோப்பு நீரில் கழுவாவிட்டால் வர்ணம் பிடிக்காது. பிளாஸ்டிக் பசை ரெசினைக் கரைத்து ஒட்டாதாகையால் சூப்பர் குளூ அவசியம். ரெசின் தூள் சுவாசத்துக்குக் கெடுதியாகையால் உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும் உத்தமம்.

முதல் டாங்கிகளுக்கு மறைவர்ணத் திட்டம் வகுத்தவர் சாலமன் ஜே. சாலமன் என்னும் ஓவியர். அந்தப் பலவண்ணத் திட்டுகளைப் போர்க்களச் சேறு மூடிவிட்டதால் பிற்பாடு ஒற்றைப் பழுப்பே நிலைத்தது. ஆயினும் சித்திரக்காரரின் அந்தப் பிரயத்தனத்தை மெல்லிய தூரிகையால் மீண்டும் தீட்டுவதையே நான் விரும்புவேன்.