வெம்பிளிக்கு முந்தைய மேடைகள்

ராக் இசைக்குழுக்களைப் பற்றிய வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் ரசிகர்கள் பிழை காட்டினால், வெறும் தேதிப் பிடிவாதம் என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். குவீன் குழுவைப் பற்றி 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி'யைப் பொறுத்தவரை அந்தப் பிடிவாதம் முழுக்க நியாயமானது. 'வீ வில் ராக் யூ' 1977இல் வெளியான பாட்டு. படத்தில் அது 1980இல், பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி மீசை வைத்த பிறகு பிறக்கிறது. போகட்டும். தனியாகப் பாடப் போவதாகச் சொல்லி ஃப்ரெடி குழுவை உடைப்பதையும், பிரிந்துகிடந்தவர்கள் 1985 ஜூலை 13 'லைவ் எய்ட்' நிகழ்ச்சிக்காக மறுபடி சேர்வதையும், ஒத்திகையில் ஃப்ரெடி தனக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதை அவர்களிடம் சொல்வதையும் அப்படி விட முடியாது. குவீன் உடையவே இல்லை. 1984இல் 'தி வொர்க்ஸ்' இசைத்தட்டு வந்தது. 1985 ஜனவரியில் ரியோவில் பாடினார்கள். அந்த மே மாதம் ஜப்பானில் பயணத்தில் இருந்தார்கள். தனி இசைத்தட்டு போடுவதில் முந்திக்கொண்டவர் டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லர், 1981இல். ஃப்ரெடிக்கு நோய் உறுதியானது 1987இல் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட தகவல்.

பதினைந்து வருடத்தை இரண்டேகால் மணி நேரத்தில் அடக்க வேண்டாமா என்று கேட்பார்கள். அடக்கட்டும். ஆனால் சுருக்குவது வேறு, காரணத்தையே மாற்றுவது வேறு. லைவ் எய்ட் நடந்த வெம்பிளியில் குவீனின் அந்த இருபது நிமிடம் அப்படிப் பற்றியெரிந்ததற்குக் காரணம், மாதக்கணக்கில் மேடையிலேயே இருந்து பழுத்த நால்வரின் கை. அதற்கும் மேலாக லண்டன் ஷா அரங்கில் பாட்டுகளை வெட்டிக் கோத்து, நேரம் கணக்கிட்டு ஒத்திகை பார்த்தார்கள். இந்த உழைப்பைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் படம் மன்னிப்பையும் நோயையும் வைக்கிறது. விளைவு, இறந்துபோன ஃப்ரெடி தவறியவராகவும் இருப்பவர்கள் பொறுத்தருளியவர்களாகவும் தெரிகிறார்கள். கிட்டார் வாசித்த ப்ரையன் மேயும் டெய்லரும் படத்தின் ஆக்கத்தில் பங்குகொண்டவர்கள். இதில் உள்நோக்கம் தேடத் தேவையில்லை. பாட்டுகள் இல்லாமல் இப்படிப்பட்ட படங்கள் எடுக்க முடியாது, பாட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கம் கதை சாய்ந்துவிடுகிறது.

சாய்ந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பாடகர் எல்டன் ஜானைப் பற்றி, அவரே தயாரிப்பில் பங்கேற்று வந்த 'ராக்கெட்மேன்' (2019) படத்தில் பாடகரும் கூட்டமும் தரையை விட்டு மிதக்கிறார்கள். இது கற்பனை என்று படமே சொல்லிவிடுவதால் யாரும் ஏமாறுவதில்லை. ஜாய் டிவிஷன் இசைக்குழுவைப் பற்றிய 'கன்ட்ரோல்' (2007) படத்தில் நடிகர்களே வாசித்துப் பாடினார்கள். இசை ஒரு வேலை என்பது அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் தெரிகிறது.

குவீன் படம் புதிய தலைமுறையை அந்தப் பாட்டுகளிடம் கொண்டுவந்தது என்பது உண்மை. ஃப்ரெடியாக நடித்த ராமி மாலெக் ஆஸ்கர் வாங்கியதும் தகுதிக்குத்தான். ஃப்ரெடியின் தோள் அசைவைக்கூட அவர் விடவில்லை. லைவ் எய்ட் மேடையில் பியானோ மேலிருந்த பெப்சி கோப்பைகள் வரை அச்சு அசலாக வைத்த படம் அது. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு, பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தவர் இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கே வாசித்துக்கொண்டிருந்தார் என்பதற்கும் கிடைத்திருக்க வேண்டும்.