அச்சம் சேர்த்தலும் ஆவல் வாசித்தலும்

மனிதனின் அறிவுத் தேடலைத் தூண்டுவது அச்சமா, அறியும் ஆவலா என்னும் வினா மிகப் பழையது. அறிய விழைதல் மனித இயல்பு எனத் தொடங்கிய அரிஸ்டாட்டில், வியப்பையே தத்துவத்தின் பிறப்பிடமாகக் கொண்டார். 1651இல் 'லெவியத்தான்' நூலை வெளியிட்ட தாமஸ் ஹாப்ஸோ, எதிர்காலம் பற்றிய கவலையும் காரணங்களை ஆராயத் தூண்டுகிறது என்றார். திருக்குறளின் 'அறிவுடைமை' அதிகாரம் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துள்ளது. அறிவு அழிவினின்று காக்கும் கருவி என்பது அதன் தொடக்கம். யார் சொல்லினும் சொல்லப்பட்டதன் உண்மையைக் காண்பதே அறிவு என்பது அதே அதிகாரத்தின் மூன்றாம் குறள் தரும் விளக்கம். முன்னது காவல், பின்னது தேடல். சிங்கப்பூர், மலாயாத் தமிழாய்வின் வரலாற்றை இவ்விரு நோக்குகளின் துணைகொண்டு அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

1935இல் தொடங்கப்பெற்ற 'தமிழ் முரசு' இதழை வளர்த்தெடுத்த கோ. சாரங்கபாணி, 1950களில் மேற்கொண்ட 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டு நாம் நன்கறிந்ததே. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்த நிலையில், தமிழுக்கு அங்கு உரிய இடம் கிடைக்காமற் போகலாம் என்னும் கவலை சமூகத்தில் எழுந்தது. அக்கவலையே தொழிலாளர் உள்ளிட்ட எளிய மக்களைப் பொருளுதவி செய்ய வைத்தது. தமிழ் நூலகம் உருவாகத் துணைநின்றது. 1956இல் துறையும் தோன்றியது. இங்கு அச்சம் இழிவான உணர்வன்று. நிறுவனத்தையும் நூல்களையும் ஈட்டித் தந்த ஆற்றல் அது.

எனினும் நூல்களைச் சேர்ப்பது வேறு. அவற்றுள் நுழைந்து வினவுவது வேறு. 1961 முதல் அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளாரின் பணி இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. 1679இல் அச்சான அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்ட அவர், 1966இல் அதனைக் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். 16,000க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட அவ்வகராதி, செந்தமிழின் பெருமையை நிறுவுவதற்காகத் தொகுக்கப்பட்டதன்று. அயல்நாட்டுப் பாதிரியார் ஒருவர் பேச்சுத் தமிழைக் கேட்டறிய முயன்றதன் சான்று அது. அதனைத் தேடிச் சென்றமைக்கு ஆவலைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அடிகளார் இலங்கையிலிருந்து வந்தவர்; 1956இன் 'சிங்களம் மட்டும்' சட்டத்தை நேரில் கண்டவர். அவரிடம் மட்டும் அச்சம் இல்லாதிருந்திருக்குமா? இருந்திருக்கும். ஆயின் அவ்வச்சம் அவர்தம் ஆய்வின் முடிவுகளை முன்கூட்டியே வரையறுக்கவில்லை. 1964இல் புதுதில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தில் பன்னாட்டு அறிஞர்க்கும் இடமளிக்கப்பட்டதும் இம்மனநிலையின் வெளிப்பாடே எனலாம். ஆகவே வினா, அச்சம் உண்டா இல்லையா என்பதன்று. ஆய்வின் விடையைத் தீர்மானிப்பது எது என்பதே.

இன்று இவ்வினா நம்மை நேரடியாகத் தொடுகிறது. வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசும் சிங்கப்பூர்வாசிகளின் விழுக்காடு 2010இன் 3.3இலிருந்து 2020இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5ஆகக் குறைந்தது. கவலை நியாயமானதே. 1965 முதல் 2015 வரையிலான தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவாக்கிய திட்டம் 2015இல் நிறைவுற்றமை அக்கவலையின் நற்பயன். ஆயினும் நம் மாணவர் ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்புகள் 'தமிழின் நிலை', 'தமிழின் எதிர்காலம்' என்றே அமைகின்றன. முதற்பக்கத்தைப் புரட்டுமுன்னரே இறுதி இயலின் முடிவு தெரிந்துவிடுகிறது. தெரிந்த முடிவுக்குச் சான்று தேடுவதை ஆய்வென்று கொள்வது எங்ஙனம்?

ஓர் எளிய சான்று காட்டலாம். சிராங்கூன் சாலையின் சந்தையைச் சிங்கைத் தமிழர் 'தேக்கா' என்பர். 'மூங்கிலடி' எனப் பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல் அது. 1980களில் அங்கெழுந்த புதிய கட்டடத்திற்கு அப்பெயரின் மாண்டரின் வடிவம் சூட்டப்பட்டது. 2000இல் மீண்டும் 'தேக்கா' என்பதே நிலைபெற்றது. அச்சத்தை மட்டும் துணைகொள்ளும் ஆய்வாளர் இச்சொல்லைப் பிறமொழிக் கலப்பு எனக் குறித்துவிட்டு நகர்வார். ஆவலுடையவரோ, சீனச் சொல்லொன்று தமிழரின் வாழிடப் பெயராகி, அரசு சூட்டிய பெயரையும் விஞ்சி நின்றது எவ்வாறு என வினவுவார். அவ்வினா அவரை விலைப்பட்டியலுக்கும் பழைய விளம்பரங்களுக்கும் முதியோரின் நினைவுகளுக்கும் இட்டுச் செல்லும். அங்கே அவர் காண்பது தேய்ந்துவரும் ஒரு மொழியை மட்டுமன்று. அண்டை மொழிகளோடு வாழப் பழகிய ஒரு மொழியையும் ஆகும்.

சாரங்கபாணி காலத்து மக்கள் அஞ்சியதால் நமக்கு நூலகம் கிடைத்தது. அக்கடனை அவர்களைப் போலவே அஞ்சுவதால் மட்டும் தீர்த்துவிட இயலாது. நாம் விரும்பாத விடையையும் தரவல்ல வினாக்களோடு அந்நூல்களைத் திறக்கும்போதே, அவர்கள் ஈந்த பொருள் அறிவாக மாறும்.